மரத்துக்கு அம்மை

8 பிப்ரவரி 1944

பட்டாளம் தங்கியிருக்கும் பெங்களூர் தண்டிலிருந்து கடிதம். போன பருவத்தில் நாங்கள் அனுப்பிய வெண்ணெய்ப்பழம் எலுமிச்சை அளவுதான் இருந்ததாம். பட்டாளத்து ஓட்டலுக்கு இனி வேண்டாமாம். முதல் வருஷம் நாற்பது கூடை மொரப்பூரில் ரயிலேறியது. போன வருஷம் ஒன்பது. வத்தல்மலையில் வேறு யாரிடமும் இல்லாத முப்பத்தொரு மரம், அப்பா வைத்துவிட்டுப் போனது. அண்ணன் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அதுக்கென்ன பண்றது" என்றார். அவ்வளவுதான்!

11 பிப்ரவரி

இலைகளின் மேல்பக்கமெல்லாம் செம்பழுப்பு, தீய்ந்ததுபோல. அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: மரத்துக்கு அம்மை போட்டிருக்கிறது. அடிமரந்தோறும் வேப்பிலை கட்டியாயிற்று. யாரும் தொடக்கூடாது. இலையில் மருந்தோ தண்ணீரோ படக்கூடாது.

13 பிப்ரவரி

அப்பாவின் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எட்டுக் கால். தூசியைவிடச் சின்னது. ஓர் இலையில் நூறுக்கு மேல். விவசாயப் பத்திரிகையில் படித்த அதே சிலந்திப்பேன்தான். புழுதி படிந்த இலையில் பெருகும், நன்றாகக் கழுவினால் குறையும் என்று போட்டிருந்தது. இலையை வெள்ளைத் துணியில் துடைத்து அண்ணனிடம் காட்டினேன். துணியில் சிவப்புக் கோடு.

"பாரு, ரத்தம்! இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பூச்சிண்ணா. நசுங்கின பூச்சி."

"பொட்டப்புள்ள உன்னைப் படிக்க வெச்சாரு பாரு அப்பா, அவரைச் சொல்லணும்."

நான் கொண்டுபோன சாட்சியே அவர் பக்கம் போய் நின்றுகொண்டது. இன்று சாப்பிடவில்லை.

2 மார்ச்

பிஞ்சுகள் கொட்டுகின்றன. கரிக்காரர் பச்சியப்பன் வந்தார். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடுகிற காலம், அவருக்கு எந்த மரமானாலும் சரி. "பட்டுப்போறதுக்குள்ள குடுத்துடுங்க கவுண்டரே." அண்ணன் தலையாட்டினார்.

தண்ணீர் ஊற்றினால் குற்றம், கோடாலி போட்டால் குற்றமில்லையா? கேட்டே விட்டேன். "ஆத்தா எடுத்துக்கறா. நாம யாரு தடுக்க?"

6 மார்ச்

பதினொன்று விழுந்துவிட்டது. அத்தனையும் பச்சை மரம். வெட்டிய இடத்தில் ஈரம் கசிகிறது.

7 மார்ச்

பொய் சொன்னேன்.

வெட்டுகிறவர்கள், அண்ணன், சுள்ளி கட்டுகிற சின்னபொண்ணு, எல்லார் நடுவிலும் போய் நின்றேன். "அம்மை போட்டவங்களுக்குத் தலைக்கு மூணு தண்ணி ஊத்தாம விடுவீங்களா? ராத்திரி கனவுல ஆத்தா கேட்டா. ஒரு இலை உடாம நனையணும்னா." குரல் நடுங்கியது. கோபத்தில்தான். அவர்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டார்கள்.

கோடாலிகள் நின்றன. சின்னபொண்ணு கும்பிட்டாள். "அடப் பாவமே, தண்ணி கேட்டிருக்கா. நாம வெட்டிக்கிட்டு நிக்கறமே!" சுனையிலிருந்து குடம் குடமாக வந்தது. மரத்தில் ஏறி நின்று ஊற்றினார்கள்.

பத்து நாளில் மூன்று தண்ணீர் என்று நானே கணக்கு வைத்தேன். எனக்கே சிரிப்பு. உடனே எரிச்சல்.

29 மார்ச்

துளிர். இருபது மரத்திலும். அண்ணன் சேவல் அறுத்தார். பச்சியப்பனைத் திருப்பி அனுப்பிவிட்டார். இதே தண்ணீரைப் பிப்ரவரியிலேயே ஊற்றியிருந்தால் முப்பத்தொன்றும் இருந்திருக்கும். யாரிடம் சொல்ல? எனக்குப் பூஜைத் தட்டில் முதல் பங்கு வந்தது. தொடவில்லை.

19 ஆகஸ்ட்

பதினேழு கூடை மொரப்பூர் போயிற்று. ஒவ்வொரு பழமும் கை கொள்ளாத அளவு. தண்டில் எடுத்துக்கொண்டார்கள்.

சாயந்திரம் அடிவாரத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். கையில் கற்பூரம், வேரோடு பிடுங்கிய கத்தரிச்செடி. இலையடியில் நூலாம்படை, சிவப்புப் புள்ளிகள். என்னை "அம்மா" என்றார்கள், எனக்கு வயது இருபத்தொன்று. இது பூச்சி, தண்ணீரை வீசியடித்துக் கழுவுங்கள் என்று பொறுமையாகச் சொன்னேன்.

"சரிங்கம்மா. எந்தக் கிழமைங்க ஊத்தணும்?"

எந்தக் கிழமையானால் என்ன என்று கத்த வாயெடுத்தேன். இருவரும் கைகட்டிக் காத்திருந்தார்கள்.

"செவ்வாய்க்கிழமை" என்றேன்.