நான் சொன்ன பச்சை வண்டி

ராஜபாளையம்
21.11.1993

அன்பு மகன் காசிராஜனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் தங்கை கிருபாபாயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம். கடல் தாண்டி அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் முழங்கால் போடுகிறோம். உன் கடிதம் கைக்கு வந்து பதினேழு நாள் ஆகிவிட்டது. ரிட்டையர் ஆனவனுக்கு என்ன வேலை, ஒரு பதில் போட இத்தனை நாளா என்று நீ நினைப்பாய். நாலு தடவை தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டு எழுந்து போனேன், அதுதான் உண்மை. இங்கே ஐப்பசி மழை ஒழுங்காகப் பெய்து மேற்கே மலை முழுவதும் வெள்ளைக் கோடுகளாகத் தண்ணீர் இறங்குகிறது. மில் சங்கு ஊதினால் இன்னும் எனக்குக் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது, உன் அம்மா அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் சிரிக்கிற விஷயம் இப்போது அது ஒன்றுதான்.

நீ வரவில்லை என்பதை எழுதியிருந்தாய். கிறிஸ்துமஸ் வாரம் உங்கள் மில்லை மூடும்போது நூல் நூற்கிற ரிங் பிரேம்களைக் கழற்றி ஓவர்ஹால் செய்ய ஒரு பிட்டர் இருந்தே ஆக வேண்டும், நீயோ பில் என்கிறவரோ இரண்டு பேரில் ஒருவர்தான் ஊருக்குப் போகலாம், உங்களுக்குள்ளேயே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பந்தயக் கார் மேல் கட்டுவதாகப் பேசிக்கொண்டீர்கள், யாருடைய வண்டி முன்னால் வருகிறதோ அவருக்கு லீவு, இதெல்லாம் நீ ஆகஸ்ட் மாதமே எழுதியதுதான். கூடவே அந்தக் கார்களும் ஓட்டுகிறவர்களும் படமாக இருக்கிற கலர்ப் புத்தகத்தையும் அனுப்பி, அப்பா நீங்க பார்த்துச் சொல்லுங்க, நீங்க சொல்ற வண்டி மேலதான் கட்டப் போறேன் என்று எழுதியிருந்தாய். ஐயா, அந்த வரியைப் படித்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. நீ இன்ஜினியரிங் சேர்ந்ததிலிருந்து என்னிடம் எதையும் கேட்டதில்லை. நீ கேட்கும் அளவுக்கு எனக்கு எதுவும் தெரியாது என்றுதான் நானும் இருந்தேன்.

நீ பிறப்பதற்கு முன்னால் நான் மாட்டு வண்டிப் பந்தயப் பைத்தியமாக இருந்தது உனக்கு அரைகுறையாகத் தெரியும். ஆராதனை முடிந்த கையோடு தேவதானத்துக்கு சைக்கிளை மிதித்துவிடுவேன், எங்கள் மில்லில் பஞ்சு கோதுகிற கார்டிங்கில் வேலை பார்த்த மாரிச்சாமிக்கு அங்கே சொந்தமாகப் பந்தய மாடே இருந்தது. கட்டாத பந்தயம் கிடையாது. நீ பிறந்த அன்றைக்கு உன் அம்மா வேதப்புத்தகத்தின் மேல் என் கையை வைத்து, இனி எதன் மேலும் பந்தயம் கட்ட மாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டாள். இருபத்தேழு வருடம் அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். உன் புத்தகம் வந்த மறுநாள் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மின்சாரக் கட்டணம் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டு தேவதானத்துக்கு பஸ் ஏறினேன்.

மாரிச்சாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தான். வட்டமாகச் சுற்றுகிற பந்தயம் என்று நீ எழுதியதைச் சொன்னேன். சுத்திச் சுத்திப் பொறப்பட்ட எடத்துக்கே வாறதுக்கு எதுக்குலே இம்புட்டு வேகம் என்றான். பிறகு அவனுக்கும் ருசி பிடித்துவிட்டது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். காரைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும், எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தது. அதனால் வண்டியை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கிற ஓட்டுகிற ஆளைப் பார்த்தோம், மாட்டைப் பார்க்கிற மாதிரியே பார்த்தோம். பூட்டுவதற்கு முன்னால் துள்ளுகிற மாட்டுக்குப் பாதி வழியிலேயே மூச்சு போய்விடும், அசையாமல் நிற்கிறதுதான் எல்லையைத் தொட்டுத் திரும்பும்போதும் ஓடும், இது நாங்கள் வருடக்கணக்காகக் கண்ணால் பார்த்தது. அந்தப் புத்தகத்தில் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, பச்சை வண்டிக்காரன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். இவந்தாம்லே, யோசிக்காம எழுது என்றான் மாரிச்சாமி. தபாலாபீசில் நின்றே எழுதிப் போட்டேன். வருகிற வழியில் உனக்கு லீவு கிடைத்துவிட்ட மாதிரியே இருந்தது.

இந்தக் கடிதத்தில் நீ எழுதித்தான் தெரிந்தது, பச்சை வண்டி என்றால் அங்கே ராசியில்லை என்று தொடவே மாட்டார்களாம், பந்தய மைதானத்துக்கு நிலக்கடலை கொண்டுபோவதும் ஆகாதாம், நீயோ அம்மா கொடுத்தனுப்பிய கடலைமிட்டாயைப் பையில் வைத்துத் தின்றுகொண்டே பச்சை வண்டிக்குக் கைதட்டினாயாம், பில் விழுந்து விழுந்து சிரித்தாராம். கடைசிப் பத்துச் சுற்று வரைக்கும் முன்னால்தான் வந்தது அப்பா, டயர் வெடித்துச் சுவரில் உரசி நின்றுவிட்டது, நீங்கள் பார்த்த ஆள் சரியான ஆள்தான், டயருக்கு அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தேறுதலும் எழுதியிருந்தாய். நீ வேடிக்கையாகத்தான் எழுதினாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளை வீட்டுக்கு வருகிற வழியை நானே என் கையால் அடைத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. உன்னைப் பார்த்து மூன்று வருடம் நாலு மாதம் ஆகிறது காசி.

உனக்குத் தெரியும், நம் குடும்பத்தில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் தாய்மாமன்தான் வெள்ளை உடுப்பு எடுத்து, உடுத்தி, கோயிலுக்குள் தூக்கிக்கொண்டு போக வேண்டும். உனக்காக இரண்டு தடவை தள்ளிப் போட்டாயிற்று. குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்து சுவரைப் பிடித்து நிற்கிறான், எப்போது என்று சபை ஐயரே கேட்டுவிட்டார். சம்பந்தி தங்கபாய் போன வாரம் வந்திருந்தபோது, இன்னும் எம்புட்டு நாளைக்குத்தான் காத்துக் கெடக்கிறது, புள்ள நடந்தே கோயிலுக்குப் போயிருவான் போலிருக்கே என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள், ஆனாலும் உன் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவளிடம் நான் உள்ளதைச் சொல்லவில்லை. கம்பெனியில் லீவு தர மறுத்துவிட்டார்கள் என்று சொல்லி வைத்தேன். அதிலிருந்து தினமும் ஜெபத்தில் உங்கள் சூப்பர்வைசர் மனதை இளக்கும் ஆண்டவரே என்று அழுகிறாள். ஒரு குற்றமும் செய்யாத மனிதர். நான் பக்கத்தில் முழங்காலில் நின்று அதற்கு ஆமென் சொல்கிறேன். பதினாறு நாள் சொன்னேன், அதற்கு மேல் வாய் வரவில்லை.

நேற்று சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். மாரிச்சாமி, புத்தகம், பச்சை வண்டி, ஒன்று விடாமல் சொன்னேன். வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்ததை எடுத்துச் சொல்லி ஆடித் தீர்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, அந்தப் படத்த எடுங்க பார்ப்போம் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, நல்ல புள்ளையாத்தான தெரியுதான், இவனப் பெத்தவளும் அன்னைக்கு எம்புட்டு அழுதாளோ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ராத்திரி சாப்பாட்டில் எனக்கு இரண்டாவது தோசை வைக்க மறந்துவிட்டாள், நானும் கேட்கவில்லை.

பில் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கு மூன்று பிள்ளைகள் என்று எழுதியிருந்தாய், அதுகளும் அப்பா வருவார் என்று வழி பார்க்கும். ஒப்புக்கொண்ட பந்தயத்தில் தோற்ற பிறகு விட்டுக்கொடுங்கள் என்று கேட்பது நமக்கு அழகில்லை, நீ கேட்காதே. ஆனால் சூப்பர்வைசரிடம் நீ ஒரு விஷயம் கேட்க வேண்டும். பிரேம் பக்கத்தில் ஒரு பிட்டர் நிற்க வேண்டும், அவ்வளவுதானே அவருக்கு? முப்பத்தெட்டு வருடம் நான் பிரேமில் நூல் சுற்றுகிற ஸ்பிண்டிலோடு கிடந்தவன், பிரேம் எந்த நாட்டுப் பிரேமாக இருந்தாலும் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன், அவர் பேசுவது புரியாவிட்டாலும் மெஷின் பேசுவது புரியும். மில் மூடுகிற அந்த எட்டு நாளும் உனக்குப் பதிலாக நான் வந்து நிற்கிறேன், சம்பளம் வேண்டாம், கேட்டுப் பார். டிராவல்ஸ்காரரிடம் விசாரித்தேன், பாஸ்போர்ட், விசா என்று ஏதேதோ சொல்லிவிட்டு, இந்தக் கிறிஸ்துமஸுக்கு வாய்ப்பே இல்லைங்க என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்படியானால் அடுத்த வருடத்துக்கு ஆகட்டும், ஞானஸ்நானமும் அதுவரை காத்திருக்கட்டும் என்று போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் அங்கே வந்து நீ இங்கே வந்தால் நமக்குள் பார்த்துக்கொள்ள முடியாது என்று எனக்கும் தெரியும். பரவாயில்லை, உன் அம்மா பார்க்கட்டும், நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதை அவள் பார்த்தால் போதும். நீ ஏறுகிற ஏர்போர்ட்டும் நான் இறங்குகிற ஏர்போர்ட்டும் ஒன்றாக இருக்கும்படி மட்டும் டிக்கெட் போடு ஐயா. ஒரு மணி நேரம் கிடைத்தால்கூடப் போதும்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வேலைக்குப் போகாதே. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதை விடாதே. பதில் போடும்போது அம்மாவுக்குத் தனியாக ஒரு தாள் எழுது, அவள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உன்னைக் காப்பாராக. அம்மா ஆயிரம் முத்தம் சொல்லச் சொன்னாள்.

உன்னைத் தேடும் அப்பா,
செ. ஐயாதுரை