ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்களைப் படித்தவள்

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு
நவம்பர் 18

அன்பு மகள் பிரிஸில்லாவுக்கு, அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாயிருக்கிறோம். நீ கனடாவில், அந்த வின்னிபெக்கில் சுகமா என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கக் கேட்கப்போகிறேன். போன் இருக்கக் காகிதம் எதற்கென்று சிரிக்காதே, போனில் நான் வாயைத் திறக்குமுன் மாத்திரை போட்டீங்களா, அப்பா நடக்கிறாரா என்று கேட்டு நீயே பேச்சை முடித்துவிடுகிறாய்.

சனிக்கிழமை எங்கள் பழைய ஹாஸ்டலில் கூடினோம். வந்தவர்கள், பிரேசர் டவுன் நோரா, ஈஜிபுராவில் மகன் வீட்டில் இருக்கும் யசோதா, மைசூரிலிருந்து வீணா, கோலார் தங்கவயலிலிருந்து ஜகதாம்பாள், அந்தக் காலத்தில் சமையல்கட்டில் இருந்த லட்சுமம்மா, நான். ஆக ஆறு பேர். பத்தொன்பது பேருக்குச் சொல்லியிருந்தார்களாம். கட்டடத்தை ஜனவரியில் இடிக்கிறார்கள், அதற்குள் ஒருமுறை வந்து பாருங்கள் என்று கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள். லட்சுமம்மாவுக்கு என் பெயர் மறந்துவிட்டது, ஆனால் இரண்டாவது கரண்டி சாம்பாருக்குத் தட்டை நீட்டுகிறவள் என்பது மட்டும் ஞாபகமிருக்கிறது. எங்கள் நீள அறையில் கட்டில்கள் இல்லை, இரும்புக் கால்கள் தேய்த்த குழிகள் தரையில் வரிசையாக இருந்தன. என் குழியை எண்ணிக் கண்டுபிடித்து நின்றேன். காலை ஐந்தரை மணி, இரண்டு பேருக்கு ஒரு வாளி வெந்நீர், துணியிலெல்லாம் வண்ணான் மையால் நாற்பத்தொன்று என்கிற என் நம்பர், எல்லாம் வந்துவிட்டது.

உனக்கு நான் சொல்லாதது ஒன்று உண்டு. தாத்தாவுக்கு ஹூப்ளிக்கு மாற்றலானதால் பி.யூ.சி. படிக்க என்னை இந்த ஹாஸ்டலில் விட்டார்கள் என்பது தெரியும். ஞாயிறு மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை வீட்டுக்குக் கடிதம் எழுதும் நேரம். ஆளுக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர், ஒட்டாமல் வார்டன் மேஜையில் வைக்க வேண்டும், அவர் படித்த பிறகுதான் தபாலுக்குப் போகும். அவர் மங்களூர்க்காரர், தமிழ் தெரியாது. தமிழ் படிக்கத் தெரிந்தது யார் என்று கேட்டார், நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் எனக்குத் தமிழே கிடையாது, வீட்டிலிருந்த பெரிய எழுத்து வேதாகமத்தில் விரல் வைத்து நானாகக் கூட்டிக் கற்றது. அதற்கு ஒரு மதிப்பு வந்ததே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து ஏழு தமிழ்ப் பெண்களின் கடிதங்களை நான்தான் படித்து ஒட்டினேன். ஹாஸ்டலைப் பற்றிக் குறை எழுதியிருந்தால் நான் வார்டனிடம் சொல்ல வேண்டும்.

ஜூலையில் ஜகதாம்பாள் எழுதியிருந்தாள், அப்பா, இங்கே என்னிடம் யாரும் பேசுவதில்லை, சோறு இறங்கவில்லை, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று. வார்டனிடம் காட்டினால் எல்லார் எதிரிலும் நிற்கவைத்துத் திட்டுவார், அந்தப் பெண் இன்னும் நொந்துபோகும் என்று நினைத்து, குழாயடிக்குக் கூப்பிட்டு வேறு இன்லேண்டில் எழுதவைத்தேன், நான் நலம், சாப்பாடு நன்றாயிருக்கிறது என்று. நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அவள் அப்படியே எழுதிக் கொடுத்தாள். அதற்குப்பின் ஒவ்வொரு ஞாயிறும் அதே இரண்டு வரி, மார்ச் வரைக்கும். நானும் ஒட்டினேன். அடுத்த வருஷம் அவள் வரவில்லை.

இத்தனை வருஷம் ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்லியிருக்கிறேன், அவளிடம் சொன்னதில்லை. சனிக்கிழமை மாடிப்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "அடிப்பாவி, அதை இன்னுமா தூக்கிக்கிட்டு அலையறே? ஒரிஜினலே போயிருந்தாலும் எங்கப்பா மைன்ஸ்ல லீவு போட்டுட்டு வந்திருக்க மாட்டாரு" என்றாள். அப்பாடா என்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் முட்டியைத் தட்டி, "ஆனா டோரீன், அந்த லெட்டரைப் படிச்சது நீ ஒருத்திதான். படிச்சுட்டு ரெண்டு கட்டில் தள்ளி எட்டு மாசம் படுத்திருந்தே. என்னடி உனக்குன்னு ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கீழே நோரா டீ ஆறுது வாங்கடி என்று கத்தினாள், எழுந்து போனோம்.

வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். நீ என்றைக்குப் பேசினாய், என்ன சொன்னாய் என்று அதில் குறித்துவைப்பது உனக்குத் தெரியும். மே மாதம் வரை பனி, உன் மேலதிகாரி, கூட இருந்த பெண் பாத்திரம் கழுவாதது, எல்லாம் குறைதான். அந்தப் பெண் வீட்டைக் காலி செய்து போனபின் இருபத்திமூன்று முறை பேசியிருக்கிறாய், இருபத்திமூன்றிலும் நல்லா இருக்கேன்மா, சாப்பிட்டேன், வேலை ஜாஸ்தி. முகத்தைப் பார்க்கலாமென்றால் உன் போன் கேமராவும் ஜூலையிலிருந்து ரிப்பேர் என்கிறாய். குறையே இல்லாத கடிதங்களை எட்டு மாதம் ஒட்டி அனுப்பியவள் நான், அவை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கிளறாதே, பிள்ளை சங்கடப்படும் என்கிறார் அப்பா. நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

அதனால் கேட்கிறேன் பிரிஸி, என்னம்மா உனக்கு? வேலையில் ஏதாவதா, யாராவது மனசை நோகடித்தார்களா, இல்லை ஒன்றுமில்லாமல் வெறும் தனிமையா, அதையும் சொல்லலாம். முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். சுகமாயிருக்கிறோம் என்று மேலே எழுதியது பழக்கதோஷம். சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா காது மெஷினைக் கழற்றி வைத்துவிடுவார், அதற்குமேல் இந்த வீட்டில் நான் பேசினால் கேட்க ஆளில்லை. இப்போது உன் முறை. வா என்றால் வருகிறேன், பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டேன், இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. அங்கே மாதம் ஒருமுறை தமிழ் ஆராதனை உண்டு என்றாயே, போ. ஜெபத்துக்காக மட்டும் சொல்லவில்லை, யாராவது உன் முகத்தைப் பார்க்கட்டும். சூடாக ஒரு ரசமாவது வைத்துச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அம்மா
டோரீன் கிளெமென்ட்

கையால் எழுது, ஒட்டி அனுப்பு, என்னைத் தவிர யாரும் படிக்கமாட்டார்கள். சீக்கிரம் பதில் போடு.