இடது ஓரத்தில் ஒரு செருப்பு

ஜூன் 3, செவ்வாய்

முதலில் கண்ணில் பட்டது செருப்பு. சின்னது, சிவப்பு, வார் அறுந்தது. ஆட்டோ ஸ்டாண்டுக்கு முன்னால் ரோட்டின் நடுவில் கிடந்தது. அதற்கப்புறம்தான் ஆட்டோ கிரீச்சென்று நின்றதைப் பார்த்தேன். அப்புறம் குழந்தை. அதன் மணிக்கட்டை இளநீர் விற்கும் ரஞ்சன்தா பிடித்திருந்தார். இழுத்த வேகத்தில் வலித்திருக்கும், வாயைப் பிளந்துகொண்டு அழுதது. அரிவாளைக் கீழே போடக்கூட அவருக்கு நேரமில்லை. இன்னொரு கையில் அப்படியே இருந்தது.

பெற்றவள் ஓடி வந்தாள். இந்தப் பக்கத்து ஆள் இல்லை, தோளில் பயணப் பை. குழந்தைக்கு ஓர் அடி வைத்தாள், உடனே இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ரஞ்சன்தா ஓர் இளநீரைச் சீவி நீட்டினார். அவ்வளவுதான். என் அம்மா பக்கத்தில் புடலங்காய் பேரத்தில் இருந்தாள், எதையும் பார்க்கவில்லை.

பிறகு ரஞ்சன்தா (பெங்காலியில் ‘தா’ என்றால் அண்ணா) என்னைப் பார்த்து வழக்கம்போல விரல் காட்டினார். ஒன்று என்றால் தண்ணீர் மட்டும், இரண்டு என்றால் வழுக்கையும். நான் இரண்டு காட்டினேன். நாங்கள் இருக்கும் இந்த டாலிகஞ்சில் என்னைப் பேசச் சொல்லாத ஒரே மனிதர்.

ஜூன் 5

துறைமுக ஆபீஸில் ஃபாக்ஸ் மெஷினைத் தூக்கிப் போட்டபோது அப்பா கொண்டுவந்த பேப்பர் சுருள்களில் கடைசி ஒன்று பாக்கி இருந்தது. அதில் ஆரம்பித்தேன். இடது ஓரத்தில் செருப்பு. அங்கிருந்து வலது பக்கமாகப் போகும்.

பள்ளிக்கூடம் இருந்தால் இதற்கெல்லாம் பொழுது ஏது? பத்தாவதில் எழுந்து நின்று வாசி என்றார்கள். நின்றேன், வாய் திறக்கவில்லை. மொத்த வகுப்பும் காத்திருந்தது. மறுநாளிலிருந்து போகவில்லை.

ஜூன் 21

முடிந்தது. விரித்தால் ஹாலைத் தாண்டிச் சமையலறை வரை போகிறது. அம்மா தாண்டித் தாண்டி நடந்தாள். துண்டு துண்டாகப் போட்டோ எடுத்து ஒட்டி ப்ளாகில் ஏற்றினேன். ஓரத்திலிருந்து தள்ளிக்கொண்டே போனால் செருப்பு, ஆட்டோ, கை, அழுகை, தாய், இளநீர் எல்லாம் வரிசையாக வரும்.

ஜூன் 24

ஜம்புநாதன் எழுதியிருக்கிறார். திருச்சியில் இருக்கிறார் என்பதைத் தவிர அவரைப் பற்றி எதுவும் தெரியாது. என் ப்ளாகுக்கு அவர் ஒருவர்தான் வருகிறார். ‘ஆட்டோவுக்கடியில் படுத்திருக்கும் நாய் இத்தனை அமர்க்களத்திலும் தலையைத் தூக்கவில்லை, ரசித்தேன். செருப்பைக் கடைசியில் யார் எடுத்துக் கொடுத்தார்கள்? படத்தில் இல்லையே?’

நானும் பார்க்கவில்லை. யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

பெரியப்பா பெண் ஸ்னேகா எங்கள் வீட்டிலிருந்துதான் ஜாதவ்பூருக்குப் படிக்கப் போய் வருகிறாள். அவளும் வரைவாள். வரைந்த கை காய்வதற்குள் இன்ஸ்டாவில் போட்டுவிடுவாள். இன்று சுருளைப் பார்த்துவிட்டு, “இதைப் போய் ப்ளாக்ல பூட்டி வெச்சிருக்கியேடி! அங்க யார் வரா? ஒரே ஒரு மாமா வரார்,” என்றாள்.

“அவர் முழுசாப் பாக்கறார்.”

“முழுசாப் பாக்க ஒருத்தர். கொஞ்சமாவது பாக்க ஆயிரம் பேர். உனக்கு எது வேணும்?”

இன்ஸ்டாவில் சதுரமாகத்தான் போட வேண்டுமாம். இவ்வளவு நீளத்தை அப்படியே போட்டால் நூல் மாதிரித் தெரியுமாம். பத்தாக வெட்டணும் என்றாள்.

உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார்: “போடட்டுமே. ஆபீஸ்ல பொண்ணு என்ன பண்றான்னு கேட்டா காட்டவாவது ஒண்ணு இருக்கும்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 1

வெட்டினோம். போனில்தான், ஆனாலும் எனக்குக் கத்திரிக்கோல் சத்தம் கேட்டது.

“முதல் படத்தைப் பாத்ததும் எல்லாரும் நிக்கணும். நீ நன்னா வரைஞ்சது எது?” என்று ஸ்னேகா கேட்டாள். எனக்குத் தெரியும். மணிக்கட்டைப் பிடித்திருக்கும் அந்தக் கை. விரல் முட்டிகளுக்கே இரண்டு நாள் ஆயிற்று. அதே சதுரத்தில் குழந்தையின் வாய், அரிவாள், ரஞ்சன்தாவின் தாடையில் உள்ள வெள்ளைத் திட்டு எல்லாம் விழுந்தன. அதையே முதலில் வை என்று சொன்னது நான்தான்.

செருப்பு எதிலும் சரியாக விழவில்லை. பாதியில் வெட்டுப்பட்டது. விட்டுவிட்டோம்.

ஜூலை 3

ஸ்னேகாவின் இன்ஸ்டாவில் நானூறு லைக். போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி நிமிர்த்தினேன். நானூற்றுப் பன்னிரண்டு. ‘அப்பா, என்ன கைடா இது’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள்.

இன்று ப்ளாகைத் திறக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

சாப்பிடும்போது அப்பா போனை நீட்டினார். காலனி க்ரூப்பில் வந்ததாம். “பாத்தேளா, நம்ம மெட்ரோ பக்கத்துலயே பிள்ளை பிடிக்கறவன் சுத்தறானாம். இவா அவனைச் செலேதராம்பா, அந்தப் பேரைக் கேட்டாலே ஊரே நடுங்கும். யாரோ நேர்ல பாத்து வரைஞ்சிருக்கா.”

என் சதுரம். முதல் சதுரம் மட்டும். கீழே நான் போட்ட கையெழுத்தை வெட்டியிருந்தார்கள். பெங்காலியில் எச்சரிக்கை, தாடையில் வெள்ளைத் திட்டு, கையில் ஆயுதம்.

“அது என் படம்ப்பா. அவர் ரஞ்சன்தா. அவர் அந்தக் குழந்தையைக் காப்பாத்தினார்.”

அப்பா க்ரூப்பில் ஏதோ தட்டினார். அனுப்பாமல் அழித்தார். “வேண்டாம், நம்ம பேர் வரும். ஸ்னேகா, நீ போட்டதை முதல்ல எடு.”

எடுத்தாள். அவள் எடுத்தது எங்களிடம் இருந்ததை மட்டும்தான்.

ஜூலை 7

காலையிலிருந்து மழை. குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனேன். ரஞ்சன்தா, இரண்டு நாள் கடை போடாதீர்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். பெங்காலியில் எனக்குத் தெரிந்த வார்த்தைகள்தான். மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று குடையை மடக்கிவிட்டேன்.

ஜூலை 8

அம்மா பையில்லாமல் வந்தாள். புடவையெல்லாம் சேறு.

“அடிச்சுட்டா. அந்த இளநீர்க்காரனை. யாரோ ஒரு குழந்தை காய் கேட்டு அழுதிருக்கு, அவன் தலையைத் தடவியிருக்கான், அவ்வளவுதான். ஒருத்தன் போனைத் தூக்கிக் காட்டறான், இவன்தான் இவன்தான்னு. அவனோட காயையே எடுத்து அவன் மேல...”

நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“உன் படத்தைத்தான்டி காட்டினா,” என்றாள். என்னைப் பார்க்காமல்.

நான் நேற்று போயிருந்தால். போயிருந்தால், போயிருந்தால்னு எழுதி என்ன ஆகப்போறது? குடை கையில இருந்ததே. வாசல் திறந்துதானே இருந்தது?

ஜூலை 10

இடது கண் போய்விட்டதாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறார். போலீஸ் வந்து வதந்தி என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். க்ரூப்பில் ஒருவர் கை கூப்பும் பொம்மை போட்டார். அதற்குக் கீழே யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து.

ஜூலை 13

ப்ளாகில் முழுச் சுருளை மறுபடி ஏற்றினேன், நடந்ததையும் எழுதினேன். ஸ்னேகா லிங்க்கைக் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டினாள். யாரும் அழுத்திப் பார்க்கவில்லை. சதுரம் இப்போது வேறு ஊர்ப் பெயரோடு சுற்றுகிறது. ஸ்னேகா கணக்கையே மூடிவிட்டாள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறாள்.

ஜம்புநாதன் ஒரே வரி எழுதியிருக்கிறார்: ‘படித்தேனம்மா. என்ன சொல்வதென்று தெரியவில்லை.’

ஜூலை 17

அம்மா சொன்னாள்: “அவன் பொண்டாட்டி வந்து கடை போட்டிருக்கா. பாவம், ஈ காக்கா இல்லை. ஒண்ணுமில்லாமலா அத்தனை பேர் அடிப்பான்னு கேக்கறான் மீன்காரன்.”

“நீ வாங்கினியாம்மா?”

அம்மா தண்ணீர் குடிக்கப் போனாள்.

ஜூலை 18

இன்றும் போகவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

மழை விட்டிருந்தது. சுருளையும் துணி க்ளிப் டப்பாவையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

ரஞ்சன்தாவின் மனைவி காய்க் குவியலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தாள். “கீ லாக்பே?” என்று கேட்டாள், என்ன வேண்டும் என்று. விரல் காட்டும் வழக்கம் அவளுக்குத் தெரியாது. அவளுக்குப் பின்னால் ஆட்டோ ஸ்டாண்டின் கம்பி வேலி. சுருளைப் பிரித்து, ஒரு கை அகலத்துக்கு ஒரு க்ளிப்பாகப் போட்டுக்கொண்டே போனேன். முழு வேலியும் தேவைப்பட்டது.

ஆட்டோக்காரர்கள் இறங்கி வந்தார்கள். மீன்காரன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, நேராக நடுவில் போய் நின்றான். “ஆரே, எய்டா தோ ஷேய் சோபி!” அந்தப் படம்தானே இது என்று கூவினான். “கே ஏங்கேச்சே?” யார் வரைந்தது என்று கேட்டான்.

ஸ்டூலிலிருந்து அவள் எழுந்தாள். கையில் ரஞ்சன்தாவின் அரிவாள்.

“ஆமி,” என்றேன். நான்தான். குரல் வெளியே வந்துவிட்டது, அவளுக்கும் கேட்டது.

யாரும் நகரவில்லை. நான் வேலியோடு நடந்து இடது ஓரத்துக்குப் போனேன். செருப்பின் மேல் விரலை வைத்தேன்.

“எகான் தேகே தேகுன்,” என்றேன். இங்கேயிருந்து பாருங்கள்.