வேர்நுனி தெரியும் படம்

பதிவு 112 | நிலவின் தென்முனைத் தளம் | 07:40
காற்றழுத்தம் சரி. தண்ணீர்ச் சுத்திகரிப்பு சரி. மருத்துவ அறையின் எக்ஸ்ரே கருவியைச் சோதித்தேன், சரி. பழைய குழு கிளம்பிவிட்டது. புதிய குழு இன்னும் வரவில்லை. அதுவரை தளத்தில் நான் மட்டும்: குணசீலி, மருத்துவக் கருவிப் பொறியாளர், நாகர்கோவில். திட்டத் தலைவர் ரகோத்தமன் பனிச்சுரங்கத்தைப் பார்வையிட வந்தவர். அரைநாள் வண்டிப் பயணத் தொலைவில், சுரங்கக் கூடாரத்தில் தனியாக இருக்கிறார். காலை வானொலியில் அவர்:
"குணசீலி, கீழ்க் கடவாய்ப் பல்லு கொஞ்சம் வலிக்குது. மாத்திரை போட்டிருக்கேன். சரியாயிடும்."
அங்கே இருப்பது வலி மாத்திரை மட்டும். குறித்துக்கொண்டேன்.

பதிவு 113 | 18:05
ரகோத்தமனின் தாடை வீங்கிவிட்டது. பூமியிலிருந்து டாக்டர் ஹமீதா:
"எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க. பல் வேரோட நுனி படத்துல விழணும். சீழ் அங்கதான் கட்டியிருக்கும்."
கூடாரத்தில் கையடக்க எக்ஸ்ரே உண்டு. வாய்க்குள் வைக்கும் சென்சரும் உண்டு. தீப்பெட்டி அளவில் ஒரு தகடு. நாக்குக்கும் பல்லுக்கும் நடுவே ஆழமாக இறக்க வேண்டும். நான்கு மூலைகளும் கூர். வயர் விளிம்பிலிருந்து கிளம்பி ஈறைக் கிழிக்கும். நான் வடிவமைத்தது இப்படியில்லை. மூலைகளை உருட்டியிருந்தேன். மேலே மெல்லிய சிலிகான் உறை. வயர் முதுகுப் பக்கம். ராக்கெட் ஏவும் தேதி தள்ளிப்போகும் என்று அத்தனையையும் நீக்கி, வெறும் தகட்டை அனுப்பச் சொன்னவர் ரகோத்தமன். எதிர்த்துப் பேசிய என்னை வேறு பிரிவுக்குத் தூக்கியடித்தவரும் அவரே.
"ஐயோ, குத்துது குணசீலி. குமட்டிக்கிட்டு வருது."
"இன்னும் கீழ இறக்குங்க சார்."
எடுத்த எந்தப் படத்திலும் வேர்நுனி இல்லை.

பதிவு 114 | 06:20
என் தம்பி பெனட் இதே தளத்தில் வேலை பார்த்தான். அவனுக்கும் கடவாய்ப் பல். அவனுக்கும் இந்தத் தகடு. நான் பூமியில் ஒலிபெருக்கியருகே நின்றேன்.
"யக்கா, கத்தி கணக்கா இருக்குக்கா. என்னால வச்சுக்க முடியல."
படத்தில் வேர் பாதியோடு வெட்டுப்பட்டது. பல்லில் கோளாறு இல்லை என்று விட்டுவிட்டார்கள். சீழ் நாக்கின் அடியில் இறங்கி மூச்சை அடைத்தது. இருபத்தாறு வயது. விசாரணையில் ரகோத்தமன் சொன்னது: தகட்டில் குறையில்லை, பையன் ஒத்துழைக்கவில்லை. அதனால்தான் தகடு இன்னும் மாறவில்லை. அவர் சொன்னதைச் செய்தியில் படித்த அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு அவர் எதையுமே படிக்கவில்லை.
இன்று காலை, போதும், நிறுத்துங்கள் என்று ஹமீதா சொன்ன பிறகும் நான் நிறுத்தவில்லை.
"மறுபடியும் வைங்க சார்."
"ரத்தம் வருதும்மா."
"வைங்க."
வைத்தார். அழுதார். ஒலியை நான் குறைக்கவில்லை.

பதிவு 115 | வண்டியில் | 11:30
ஹமீதா கத்தினார்: "படத்துக்குக் காத்திருக்காதீங்க! ஊசி மருந்தை எடுத்துக்கிட்டு உடனே கிளம்புங்க."
மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். தளத்துப் பட்டறையில் நானே செய்த உறையிட்ட சென்சரையும். பாதி வழியில் ரகோத்தமனின் குரல், குழறலாக:
"பெனட்டோட அக்கா நீங்கன்னு தெரியும். சீக்கிரம் வாங்க."
"விசாரணையில ஏன் அப்படிச் சொன்னீங்க?"
"தப்பு தகட்டுலதான். எனக்கு அப்பவே தெரியும்."
பூமியும் கேட்டது. இதைக் கேட்டால் நெஞ்சின் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. இன்னும் வேண்டியிருந்தது.

பதிவு 116 | சுரங்கக் கூடாரம் | 14:50
படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்திருக்கிறார். வாய் இரண்டு விரல் அகலமே திறக்கிறது. என் சென்சர் வழுக்கிக்கொண்டு இறங்கி நின்றது. அவர் முகம் சுளிக்கவில்லை. ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். வலிக்கவில்லை என்று தலையசைத்தார்.
ஒரே படம். வேரின் நுனி, அதைச் சுற்றிக் கறுப்பாகச் சீழ், எல்லாம் தெளிவு. பெனட்டின் படம் இப்படித்தான் இருந்திருக்கும். நெடுநேரம் பார்த்தேன்.
"குணசீலி, படம் வந்துடுச்சு. அருமையா விழுந்திருக்கு. மருந்து ஏத்தியாச்சா?"
ஒலிபெருக்கியை அணைத்தேன்.

பதிவு 117 | நேரம் பார்க்கவில்லை
பெட்டி மூடியே இருக்கிறது. திறக்கத் தெரியும். ஊசி போடத் தெரியும்.
அவரால் பேச முடியவில்லை. என் சட்டையைப் பிடித்திருக்கிறார். பெட்டியைப் பார்க்கிறார். என்னைப் பார்க்கிறார். திரும்பவும் பெட்டியை. ஹமீதாவின் அழைப்பு விளக்கு விடாமல் மினுக்குகிறது.
வலியில்லாமல் எடுத்த படம் இது. சாட்சிக்கு இணைத்திருக்கிறேன்.
இதைக் கண்டெடுப்பவருக்கு: சென்சரைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்திருக்கிறேன். இனி வருகிறவர்கள் வாயில் இதை வையுங்கள். குத்தாது.
மூச்சுச் சத்தம் விட்டு விட்டு
நின்றுவிட்டது.
பிடி தளரவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரிக்கிறேன். கட்டைவிரல் மட்டும் இன்னும் பிரியவில்லை.