அம்மை வீட்டில் பூட்டிய மாத்திரை

அன்புள்ள என் நைனா, மகன் பாரிக்கு, அப்பா குணசேகரன் எழுதுவது.

இங்கு யாவரும் நலம் என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டேன். எண்ணூர் துறைமுக வாசலில் டிரெய்லர் வரிசையில் நிற்கிறேன். எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் என்பதால் கையெழுத்தும் இரண்டு மடங்கு மோசம். போனில் தட்டினால் 'அ'வைத் தேடுவதற்குள் வரிசை நகர்ந்துவிடும். கடலில் இருக்கும் உனக்குச் சிக்னல் கிடைத்து நீ கூப்பிடும்போது பேசலாம் என்றால், ஒற்றை அறை வீட்டில் உன் அம்மா ஸ்பீக்கர் போடாமல் விடுவாளா? அதனால் இதைப் படம் பிடித்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு.

மருமகள் கார்குழலிக்கு அம்மை போட்டிருக்கிறது. எட்டு மாத வயிற்றோடு. முகம், கழுத்து எல்லாம் முத்து. உன் அம்மா ராஜாத்தி வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, வீட்டில் இருந்த மாத்திரை அத்தனையையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "ஆத்தா வந்துகீற வூட்ல இங்கிலீஷ் மருந்து இன்னாத்துக்குய்யா? கோச்சிக்கினா யாரு பதில் சொல்றது?" என்கிறாள். என் சர்க்கரை மாத்திரையும் உள்ளே போய்விட்டது. அது போகட்டும், நான் ஏற்கெனவே ஓடித் தேய்ந்த டயர்.

கார்குழலியின் எச்.ஐ.வி. மாத்திரையும் அதே பீரோவில்தான் இருக்கிறது. சத்து மாத்திரை என்றுதானே உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கப்பலேறினாய்? விடாமல் போட்டால் பிள்ளைக்குத் தொற்றாமல் காப்பாற்றிவிடலாம், நடுவில் நிறுத்தினால் கிருமி திரும்ப ஏறிவிடும் என்று ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் சினேகா மேடம் என்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். உன் அம்மாவோ அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை சாவியைத் தர மாட்டாள். ஒரு மாத்திரையைத் திருடப்போய் மாட்டிக்கொண்டேன். ஆத்தா படத்துக்கு முன்னால் தோப்புக்கரணம் போடவைத்தாள். உட்கார்ந்தவன் எழுந்திருக்க, பக்கத்து வீட்டுப் பையன் டென்னிஸைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கார்குழலியிடம் கெஞ்சினேன். "வேணாம் மாமா. அத்தைக்குத் தெரியக்கூடாதுன்னு அவரு என் வயித்து மேல கைய வெச்சு சத்தியம் வாங்கிகீறாரு. மீறினா புள்ளைக்கு எதனா ஆயிடும்" என்று அழுகிறாள்.

இன்று காலை அவளுக்கு இருமல். பேசினாலே மூச்சு வாங்குகிறது. முத்து காய்ந்தால் சரியாகிவிடும் என்கிறாள் உன் அம்மா. நான் கிளம்பும்போது, பிள்ளை நேற்றுபோல உதைக்கவில்லை என்று கார்குழலி மெதுவாகச் சொன்னாள். மாமனாரிடம் போய் இதைச் சொல்கிறாள் என்றால் எவ்வளவு பயந்திருப்பாள்! அதைக் கேட்டும் வண்டியெடுக்க வந்தேன் பார், என் புத்தியை என்னவென்று சொல்ல?

வண்டியை இங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போகிறேன். சத்தியம் செய்தவன் நான் இல்லை. உன் அம்மாவிடம் சொல்லப்போகிறேன். அவள் குறுக்கே படுத்தாலும் கார்குழலியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவேன்.

இந்தக் கிருமி யாரிடமிருந்து வந்தது என்றுதான் உன் அம்மா முதலில் கேட்பாள். கார்குழலி வாய் திறக்க மாட்டாள். மகனிடமிருந்து என்று நான் சொன்னால் நம்ப மாட்டாள். விம்கோ நகரில் நம் தெரு என்ன பேசும், யாரைப் பேசும் என்று உனக்குத் தெரியும்.

எந்தக் கரையில் சிக்னல் கிடைத்தாலும் என்னைக் கூப்பிடாதே. அம்மாவைக் கூப்பிடு. உன் வாயால் சொல். நீயும் உன் மாத்திரையை விடாதே. கடல் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். கார்குழலி உயிருக்கு நான் ஓடுகிறேன், அவள் பெயரை நீ காப்பாற்று நைனா.

உன் அப்பா,
குணசேகரன்