முழங்கை உயரத்தில் ஒரு காலிங்பெல்

எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பாத என் அப்பாவுக்கு,

நம் வீட்டுக்கு ஒரு புதுச் சாமான் வந்திருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் பெட்டியைப் பிரித்த கையோடு பின்மூடியையும் திறந்திருப்பீர்கள். காமிரா வைத்த காலிங்பெல், அப்பா. வாசலில் யாராவது பட்டனை அழுத்தினால் இதே ஊரில் பட்டம் பகுதியில் இருக்கும் என் போனிலும் பெங்களூரில் இருக்கும் சுரேஷ் அண்ணா போனிலும் மணி அடிக்கும், வந்தவர் முகமும் தெரியும். எப்படி இருக்கிறது?

வாங்கி அனுப்பியது அண்ணாதான். நீங்கள் போனபிறகு கரமனை வீட்டில் அம்மா தனியாக இருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. "இந்த பெல் ஒழுங்கா வேலை செஞ்சா அம்மா அங்கயே இருக்கட்டும். இல்லேன்னா நான் வந்து அழைச்சிண்டு போயிடுவேன்" என்று சொல்லிவிட்டான். அம்மாவோ, "கரமனையை விட்டு நான் எங்கயும் வரலை, அவ்வளவுதான்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். ஆக, அம்மா எங்கே வாழ்வது என்பது என் ஸ்க்ரூ டிரைவரின் கையில் வந்து நின்றது.

ஒரு திங்கட்கிழமை காலையில் போய் மாட்டினேன். பழைய சுவிட்சைக் கழற்றி, அது இருந்த துளையிலேயே இதைப் பொருத்தினேன். அப்போது பழைய சந்தேகம் மறுபடி தலைதூக்கியது. அதை ஏன் அவ்வளவு கீழே வைத்தீர்கள்? ரிட்டயரான வருஷம், நல்ல உயரத்தில் இருந்த சுவிட்சை இறக்கி இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வைத்தீர்கள். தெருவே சிரித்தது. கேட்டதற்கு, "அங்கதான் இருக்கணும், உனக்கென்னடீ" என்றீர்கள். அதற்கு மேல் உங்கள் வாயிலிருந்து எதைப் பிடுங்க முடியும்!

மறுநாளே தொல்லை தொடங்கியது. ஆபீசில் இருக்கும்போது போனில் மணி அடித்தது. திறந்து பார்த்தால் படம் முழுக்கச் செக்கச்செவேலென்று ஒரு மங்கல், ஆளைக் காணோம். அடுத்த நாளும் அதே மணி, அதே மங்கல். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டால், "யாரும் வரலையே, நானே இப்பதான் கோயில்லேர்ந்து வரேன்" என்கிறாள். அண்ணா உடனே எனக்குப் போன் செய்தான். "எவனோ காமிராவைக் கையால மறைச்சிண்டு அடிச்சுப் பாக்கறான்டீ. ஆத்துல ஆள் இருக்கான்னு நோட்டம் விடறான். ஞாயித்துக்கிழமை நான் வரேன்."

நான் அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுவேனா? உங்கள் பெண் அல்லவா? சார்ஜ் பார்த்தேன், நிறைய இருந்தது. வைஃபை, நம் வீட்டுக் கனத்த சுவரைத் தாண்டி நொண்டிக்கொண்டாவது வந்தது. ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். கஸ்டமர் கேரில் ஒரு பெண் எதைச் சொன்னாலும், ரீசெட் செய்து பாருங்கள் என்பதையே மலையாளத்தில், "ரீசெட் செய்து நோக்கூ மேடம்" என்றாள். செய்தும் பார்த்தாயிற்று. கடைசியில் பஸ் பிடித்துக் கரமனைக்கே போய் நின்றேன்.

பெல்லைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நம் வீட்டில் புதுச் சாமானைச் சும்மா விடுவோமா? மிக்சியோ சைக்கிளோ, சந்தனமும் குங்குமமும் வைத்துத்தானே மறுவேலை! நான் கிளம்பியதும் அம்மா பெல்லுக்குப் பொட்டு வைத்திருக்கிறாள். வைத்த இடம், சரியாகக் காமிராவின் கண். "அதுதான் நெத்தி மாதிரி இருந்தது" என்றாள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பொட்டை ஓரமாக நானே வைத்தேன். அது இல்லாமல் அவள் விடுவதாக இல்லை.

சரி, மங்கல் போயிற்று. மணியை அடித்தது யார்?

மறுநாள் அதே நேரத்துக்குப் போன் அடித்தது. இந்த முறை படம் பளிச்சென்று இருந்தது. முகம் இல்லை, நீங்கள் வைத்த உயரம் அப்படி. ஓர் அரக்குப் புடவை, ஒரு கையில் பூக்கூடை, இன்னொரு கையில் பால் பாக்கெட்டும் குடையும். பட்டனை அழுத்தியது ஒரு முழங்கை. அம்மாவின் முழங்கை, அப்பா. அழுத்திவிட்டுக் கொஞ்சம் நின்றாள். பிறகு கூடையைக் கீழே வைத்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, தானே திறந்துகொண்டு உள்ளே போனாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நீங்கள் இல்லை என்பதே அம்மாவுக்கு மறக்க ஆரம்பித்துவிட்டதோ? அண்ணாவும் பார்த்திருக்கிறான். "காலி ஆத்துல அம்மா யாருக்குடீ மணி அடிக்கறா?" என்று கேட்டான்.

சாயங்காலம் போய் நேராகவே கேட்டேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு புத்தி பிசகிடுத்துன்னு ரெண்டுபேரும் முடிவு பண்ணியாச்சாக்கும்! யாராவது வந்தாளான்னு கேட்டே, இல்லைன்னேன். நான் என்ன இந்த ஆத்துக்கு விருந்தாளியா? அந்த சுவிட்சை உங்கப்பா எதுக்கு எறக்கி வெச்சார்னு நினைச்சே? ரெண்டு கையிலயும் சாமானை வெச்சிண்டு நான் கதவோட மல்லுக்கட்டறதைப் பாத்துட்டு, 'முழங்கையால ஒரு அழுத்து அழுத்து, நான் வந்து திறக்கறேன்'னார். கடைசி வரைக்கும் வந்து திறந்தார். கை பழகிப்போச்சு."

"இப்போ யாரும்மா வந்து திறக்கப்போறா?"

"யாரும் இல்லேன்னு எனக்குத் தெரியாதா? அவர் போனப்பறமும் அடிச்சிண்டுதான் இருந்தேன். யாருக்கும் கேக்கலை. இப்போ அடிச்சா பட்டத்துல கேக்கறது, பெங்களூர்ல கேக்கறது. நான் பத்திரமா வந்து சேந்தாச்சுன்னு என் குழந்தேளுக்குத் தெரியட்டுமே. அதுக்குத்தானேடீ இதை மாட்டினேள்?"

அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன் அப்பா. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் போனபிறகு அவள் அடித்த மணியெல்லாம் உங்களுக்குக் கேட்டதா?

அண்ணா ஞாயிற்றுக்கிழமை வந்தான். அம்மாவின் துணிமணியை எடுத்து வைக்கச் சொல்லவில்லை. பெல்லுக்கு அடியில் ஒரு சின்னச் சாய்வுக் கட்டையை வைத்து முடுக்கினான். காமிரா இப்போது அண்ணாந்து பார்க்கிறது. வருகிறவர் முகம் தெரிகிறது. உயரத்தில் கை வைக்கவில்லை. போனில் பேசினால் பெல் வழியாகக் கேட்கும் என்பதையும் அன்றுதான் கண்டுபிடித்தோம். இப்போதெல்லாம் காலையில் மணி அடித்ததும் பெங்களூரிலிருந்து குரல் வருகிறது: "வந்தாச்சாம்மா?" அம்மா சுவரைப் பார்த்து, "வந்தாச்சுடா, போய் வேலையைப் பாரு" என்கிறாள். எதிர்வீட்டு மாமி முதல் நாள் மிரண்டே போனாளாம்.

பெல்லுக்குச் சார்ஜ் இறங்க விடமாட்டேன் அப்பா. யார் வந்து என்ன சொன்னாலும், அதை அந்த இடத்திலிருந்து ஒரு விரற்கடைகூட மேலே ஏற்ற விடமாட்டேன். உங்களைப் போல ஓடிவந்து கதவைத் திறக்க எங்களால் முடியாது. ஆனால் அவள் முழங்கையால் ஓர் அழுத்து அழுத்தினால், பதில் வராமல் இருக்காது.

உங்கள் டெஸ்டரைப் பத்திரமாக வைத்திருக்கும்,
உங்கள் சின்னப் பெண்
ராஜி