கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தவருக்கு

அண்ணை,

இன்று காலை சுன்னாகம் சந்தைக்குப் போகிற வழியில், ரோட்டோரத் தோட்டத்தில் யாரோ இறைப்பு மெசினை இழுத்து விட்டார்கள். வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். அந்த மண்ணெண்ணெய்ப் புகை மூக்கில் ஏறியது. மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டேன். பின்னால் இருந்த என் மனுசி, "என்னப்பா, நடு வழியிலை நிண்டிட்டியள்?" என்று கேட்டாள். பிறகு அவளுக்கும் மணம் பிடித்திருக்க வேண்டும். என் முதுகில் கையை வைத்தபடி இருந்தாள். தோட்டம் செய்கிற ஊர் எல்லாவற்றிலும் விடிந்தால் இந்த மணம்தான். இதை விட்டு நான் எங்கே போவது?

தீயணைப்பு நிலையத்தில் நாங்கள் இருவரும் ஒரே ஷிப்ட். என்னிலும் கொஞ்சம் மூத்தவர் என்பதால் உங்களை அண்ணை என்றேனே தவிர, வாய் காட்டுவதில் நான் ஒன்றும் குறைந்தவன் இல்லை. மணி அடித்ததும் நீங்கள் பாதி உடுப்போடு வண்டியில் ஏறி நிற்பீர்கள். நான் ஒவ்வொரு பட்டியாகப் பூட்டிக்கொண்டு வருவேன். "நீ சப்பாத்துப் போட்டு முடியிறதுக்குள்ளை நெருப்பு தானாய் அணைஞ்சு போமடா" என்பீர்கள். "நீங்கள் வாற கோலத்தைப் பார்த்தால் சனம் நெருப்பை விட்டிட்டு உங்களைத்தான் பாக்கும்" என்பேன். வண்டி கேற்றைத் தாண்டும்வரை இந்தச் சண்டை ஓயாது.

சோளகக் காற்று தொடங்கினால் எங்களுக்கு வேலி நெருப்புத்தான் வேலை. யாராவது வளவைக் கூட்டிக் குப்பையைக் கொளுத்துவார்கள். காற்று அதை அள்ளிக் கிடுகு வேலியில் வைக்கும். நாங்கள் போய் இறங்கும்போது, கொளுத்தியவர்தான் முதலில் ஓடி வந்து தான் கொளுத்தவில்லை என்பார். ஒரு முறை ஒரு அம்மா, கையில் கூட்டுகிற ஈர்க்குக் கட்டோடு நின்றுகொண்டே, நல்லூரான் மீது சத்தியம் பண்ணினார். நீங்கள் குழாயை இழுத்தபடி, "அம்மா, ஆர் வைச்சதெண்டு நெருப்பு கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றீர்கள். அந்த அம்மா அழுகையை விட்டுச் சிரித்துவிட்டார். போகும்போது எங்கள் எல்லோருக்கும் தேத்தண்ணி தந்தார். உங்களுக்கு மட்டும் சீனி கூடப் போட்டிருந்தார் என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

ஆனால் உள்ளே ஆள் அகப்பட்டிருக்கிறது என்று யாராவது கத்தினால் அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. "உள்ளுக்கை ஆளிருக்கெண்டால் பிறகென்ன கதை?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு உங்களைப் பிடிக்க ஒருவராலும் முடியாது.

அன்றைக்குக் கிணற்றுக்குள் ஆள் விழுந்துவிட்டது என்ற அழைப்புக்கு நீர்வேலிப் பக்கம் போகும்போது முன் சீற்றில் இருந்து, நல்லூர்த் தேருக்கு லீவு தரமாட்டம் என்கிறார்களே என்று புறுபுறுத்துக்கொண்டு வந்தீர்கள். நல்ல கோடை. தண்ணீர் கீழே போய்விட்ட நேரம்தான் கிணறு இறைத்துச் சேறு எடுக்க வசதி என்று சனம் இறங்கும். மேலே வைத்தால் மெசின் இழுக்காது என்று, கிணற்றுக்குள்ளேயே பலகை கட்டி அதில் மெசினை வைத்து ஓட்டுவார்கள். பார்த்துப் பழகிய வேலை என்பதால் யாருக்கும் அது பிழையாகத் தெரிவதில்லை. அந்த வீட்டிலும் அப்படித்தான். மெசின் நின்றுவிட்டது என்று மாமனார் இறங்கியிருக்கிறார். அவர் விழுந்ததைக் கண்டு மருமகன் இறங்கியிருக்கிறான். நாங்கள் போனபோது இருவரும் அடியில், சுவரோடு சாய்ந்து கிடந்தார்கள்.

நான் மூச்சுக் கருவியின் சிலிண்டரை இறக்கிப் பட்டியை எடுத்தேன். "பொறுங்கோ அண்ணை, இதைப் பூட்டிக்கொண்டு இறங்குவம்" என்றேன். நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். மருமகனின் கை மெல்ல அசைந்தது. "பெடியன் கை ஆட்டுறானடா! நீ பூட்டிக்கொண்டிரு, நான் எடுத்துக்கொண்டு வாறன்" என்று துவாயை வாளித் தண்ணீரில் தோய்த்து முகத்தில் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிற்றைச் சுற்றினீர்கள். புகைக்குள் புகுகிறபோது ஈரத் துவாய் கட்டுவது உங்கள் வழக்கம். அன்றைக்குக் கிணற்றில் புகையே இல்லை. மண்ணெண்ணெய் மணம் மட்டும்தான் இருந்தது; மெசின் கக்கிய நஞ்சு கண்ணுக்கும் தெரியவில்லை, மணக்கவும் இல்லை. ஈரத் துணி அதற்கு ஒன்றும் செய்யாது. முழங்காலளவு தண்ணீரில் வானம் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெளிவுதான் அண்ணை, உங்களை ஏமாற்றியது.

சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை நான் பிடித்தேன். கயிறு அசைந்ததும் அயலவர்களோடு சேர்ந்து இழுத்தேன். நல்ல பாரம். உங்கள் தலை தெரியும் என்று பார்த்தால் அந்தப் பெடியனின் தலை வந்தது. உங்கள் இடுப்பில் இருந்த கயிற்றை அவிழ்த்து அவனுக்குக் கட்டியிருந்தீர்கள். எப்படி இறுக்கிக் கட்டினீர்களோ, அந்த முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை. கத்தியால் அறுத்தேன். மிச்சக் கயிற்றைத் திரும்பக் கீழே போட்டேன். "அண்ணை, கயிறு! கயிறைப் பிடியுங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கயிறு உங்கள் தோளில் பட்டது. நீங்கள் கிணற்றுச் சுவரில் சாய்ந்து இருந்தீர்கள். கை நீட்டவில்லை. பிறகு நான் கருவியைப் பூட்டி இறங்கி உங்களையும் அந்த மாமனாரையும் மேலே அனுப்பினேன். இருவருக்கும் மூச்சில்லை. கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து நான் அழுத அழுகையை அந்த ஊர் பார்த்தது.

பெடியன் பிழைத்துவிட்டான். ஒவ்வொரு திவசத்துக்கும் தோட்டத்தில் வெட்டிய வாழைக்குலை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வருவான். வாசலில் வைத்துவிட்டுப் பின்னால் போய் இருப்பான். சாப்பிட மாட்டான். உங்கள் மனுசி, நான் அக்கா என்று கூப்பிடுகிற மனுசி, முதல் திவசத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை தானே இலையைக் கொண்டுபோய் அவன் முன்னால் போட்டார். "சாப்பிடு தம்பி. நீ பட்டினி கிடக்கவோ அவர் உன்னை மேலை அனுப்பினவர்?" என்றார். அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். அக்கா பக்கத்தில் இருந்து கறி போட்டுக்கொண்டே இருந்தார். சமையற்கட்டுக்குள் போன பிறகுதான் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதார்.

இந்த வருடம் நகரத்தில், பணியில் உயிர்விட்டவர்களுக்கு என்று ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். உங்கள் படத்துக்கும் மாலை போட்டார்கள். மேடையில் ஒருவர், "தன் உயிரைத் துச்சமென மதித்தவர்" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உயிரைத் துச்சமாக நினைக்கிறவன் தேருக்கு லீவு கேட்டு அலைவானா? நீங்கள் திரும்பி வரத்தான் போனீர்கள். எழும்பிச் சொல்லவேண்டும் போல் இருந்தது. முன் வரிசையில் அக்கா இருந்தார்.

போன மாதம் சாவகச்சேரிப் பக்கத்தில் இருந்து ஒரு அழைப்பு வந்தது. கிணற்றுக்குள் மெசினோடு ஒரு ஆள். இப்போது குழுவுக்கு நான்தான் பொறுப்பு. போய் இறங்கும்போதே கிணற்றடியில் ஒரே கூச்சல். உள்ளே கிடந்தவனின் தமையன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக் கட்டின்மேல் ஏறிவிட்டான். பாய்ந்து இடுப்பில் பிடித்து இழுத்து விழுத்தினேன். எங்கள் பெடியன்களில் ஒருவனும் உங்களைப் போலத்தான், துவாயை எடுத்துவிட்டான். "துவாயைக் கீழை போடு! சிலிண்டர் பூட்டாமல் ஒருத்தரும் இறங்கப்படாது" என்று கத்தினேன். ஒவ்வொரு பட்டியாகப் பூட்டினோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு மெதுவாக எதையும் பூட்டியதில்லை போல் இருந்தது. தமையன் என் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

"என்ரை தம்பி சாகிறான், நீங்கள் உடுப்புப் போடுறியளோ! உங்கடை ஆள் ஒருத்தர் நீர்வேலியிலை ஒண்டும் பாராமல் இறங்கினவராமெல்லே? அவர் மனுசன்! நீயும் ஒரு மனுசனே?"

ஓம், அவர் மனுசன்தான் என்று சொல்லவா? அவனை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் என் தோளில் கடித்தான். நான் விடவில்லை.

தம்பியை எடுத்தபோது உயிர் இல்லை. நாங்கள் வருவதற்கு முதலே போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். அவர் உண்மையைச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, தெரியாது. நான் திரும்பக் கேட்கவில்லை.

செத்த வீட்டுக்குப் போனேன். தமையன் என்னைக் கண்டதும் எழும்பி உள்ளே போய்விட்டான். நேற்றும் பஸ் நிலையத்தில் கண்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றவன், என்னைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். இனிச் சாகும்வரை அவன் என்னோடு முகங்கொடுத்துக் கதைக்க மாட்டான். அந்தப் பிள்ளை மட்டும் அவன் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிரித்தது.

அன்றைக்கு நீர்வேலியில் உங்களை நான் அப்படிக் கட்டிப் பிடித்திருந்தால் அந்தப் பெடியன் செத்திருப்பான். அது எனக்குத் தெரியும். நீங்கள் என்னை மன்னித்திருக்க மாட்டீர்கள். அதே நிலையத்தில், அதே வண்டியில், என் பக்கமே பார்க்காமல், ஒரு சொல் கதைக்காமல் ஓய்வு பெறும்வரை இருந்திருப்பீர்கள்.

இருந்திருப்பீர்கள், அண்ணை.